கற்பூரக் கரியும் ஒரு மாணவியின் கேள்வியும்

(பொன்னமராவதியில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களை நடத்தும்போது நானோ குழாய் பற்றியும் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "சார், கற்பூரம் ஏத்துனா தட்டுல படியுற கரியிலயும் அந்தக் குழாய் இருக்குமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "அதெல்லாம் பெரிய ஆய்வகத்துல செய்யுறதும்மா, உட்காரு" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-இல் இக்குழாய்களை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2003-இல் அதே நாட்டின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் முகுல் குமாரும் யோஷினோரி ஆண்டோவும் கற்பூரத்திலிருந்தே அவற்றை உருவாக்கியதை வெளியிட்டனர். விலை மலிவான, தாவரத்திலிருந்து கிடைக்கும் பொருள் என்பதே அதன் சிறப்பு.

செய்முறை இதுதான்: கற்பூரத்துடன் சிறிது ஃபெரோசீன் கலந்து ஆவியாக்கி, ஆர்கான் போன்ற மந்த வாயுவுடன் சூடான உலைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். ஃபெரோசீன் சிதைந்து இரும்பு நுண்துகள்களைத் தரும். கற்பூரத்தின் கார்பன் அணுக்கள் அத்துகள்களைப் பற்றிக் குழாயாக வளரும். இரும்புதான் வினைவேக மாற்றி. தட்டில் எரியும் கற்பூரத்துக்கு இரும்புத் துகளும் இல்லை, அந்தக் கட்டுப்பாடான வெப்பமும் இல்லை. அதனால் அந்தக் கரி பெரும்பாலும் ஒழுங்கற்ற கார்பன்தான். "பொருள் சரிதான் அம்மா, இன்னும் இரண்டு தேவை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையின் கீழடியையும் சொல்லலாம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினர். தாவரச் சாறு பூசி மிகுந்த வெப்பத்தில் சுட்டது காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. இதை வைத்து, குயவர்களுக்கு நானோ அறிவியல் தெரிந்திருந்தது என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் நாடியது உறுதியான பூச்சு. குழாய்கள் தாமே உருவாகியிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதும் அறிவியல் பாடம்தான்.

ஓர் எச்சரிக்கை: கரிப்புகையை வகுப்பில் எழுப்பிச் சோதிக்க வேண்டாம், அது நுரையீரலுக்குக் கேடு. அறுகோணக் கண்களுள்ள கோழிவலையைச் சுருட்டிக் காட்டுங்கள். குழாயின் அமைப்பு விளங்கிவிடும்.

அந்த மாணவியை அவளுடைய பத்தாம் வகுப்பில் தேடிப் போய், "அன்னைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி; நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றவள், "அப்போ தேங்காய் எண்ணெயில் செய்யலாமா சார்?" என்றாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. "தேடிப் பார்ப்போம்" என்றேன்.