இன்றைய புனிதரும் இன்றைய வாசகமும்

(ஜூபிலி ஆயத்த நாட்களில், மாலைத் திருப்பலிக்குப் பின் ஆற்றிய உரை)



நம் பங்கில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் ஒரு கோயில் நாட்காட்டி தொங்குகிறது. அதில் தேதிக்குக் கீழே இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று அன்றைய புனிதரின் பெயர். மற்றது அன்றைய திருப்பலி வாசகங்களின் அதிகார எண்கள். முதலாவதை நாம் விடுவதில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கவும், நவநாள் தொடங்கவும் அது வேண்டியிருக்கிறது. இரண்டாவது வரி யாருக்காக என்று கேட்டால், "அது சாமியாருக்கு" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முற்காலத்தில் அது ஓரளவு சரியான பதிலே. தபசு காலம் போன்ற சில நாட்கள் நீங்கலாக, வாரநாட்களுக்கென்று தனி வாசக வரிசை அப்போது கிடையாது. புனிதர் திருநாள் வந்தால் மறைசாட்சிக்கு இன்னது, கன்னியருக்கு இன்னது என்று அதே சில பகுதிகள் திரும்பத் திரும்ப வரும். திருநாள் இல்லையென்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசையே மறுபடியும் நடக்கும். அதுவும் லத்தீனில். வேதாகமக் கருவூலத்தை விசுவாசிகளுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பணித்தது. அதன்படி 1969-இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று. பொதுக்கால வாரநாட்களில் முதல் வாசகத்துக்கு இரண்டாண்டுச் சுற்று. நற்செய்தியோ மாற்கு, பிறகு மத்தேயு, பிறகு லூக்கா என்று ஆண்டுதோறும் வரிசையாக நடக்கிறது. புனிதர்களின் சாதாரண நினைவு நாட்களில் இந்த வரிசையைப் பெரும்பாலும் முறிப்பதில்லை.

அதே 1969-இல் நாட்காட்டியும் திருத்தம் பெற்றது. நம் அப்போஸ்தலர் தோமையாரின் திருநாள் டிசம்பர் 21-லிருந்து ஜூலை 3-க்கு வந்தது அப்போதுதான். கிறிஸ்தோபர் போன்ற சிலரின் பெயர்கள் பொது நாட்காட்டியில் இடம்பெறவில்லை. மோட்சத்திலிருந்தே தள்ளிவிட்டார்களோ என்று கலங்கியவர்கள் உண்டு! அப்படியல்ல, ஊர்களில் அவர்களைக் கொண்டாடத் தடையில்லை.

புனிதரையும் வாசகத்தையும் ஏன் சேர்த்துப் பிடிக்க வேண்டும்? ஜனவரி 17-இல் வரும் வனத்து அந்தோனியாரைப் பாருங்கள். (ஜூன் 13-க்குரிய பதுவைப் புனிதர் வேறு, இவருடைய பெயரைத்தான் அவர் துறவறத்தில் ஏற்றுக்கொண்டார்.) மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில், தாய் தகப்பனை இழந்து, தங்கையையும் நிலபுலன்களையும் கவனித்துக்கொண்டிருந்த வாலிபர் இவர். ஒரு நாள் கோயிலுக்குப் போனார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு ஆண்டவர் ஒரு செல்வனிடம் சொல்லும் பகுதி வாசிக்கப்பட்டது. தனக்காகவே வாசித்ததாக எடுத்துக்கொண்டு, நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். பின்னொரு நாள் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் பகுதியைக் கேட்டு, தங்கைக்கென்று வைத்திருந்ததையும் கொடுத்தார். அவளைப் பக்தியுள்ள கன்னியரிடம் ஒப்படைத்தார். இதை எழுதி வைத்தவர் புனித அத்தனாசியார். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 386-இல், மிலான் நகரில் அகுஸ்தினார் இந்த வரலாற்றைக் கேட்டுக் கலங்கினார். அன்றே தோட்டத்தில் பவுலடியாரின் நிருபத்தைத் திறந்து மனந்திரும்பினார்.

அந்தச் செல்வனின் கதை இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு நடுவில், பொதுக்காலம் 20-ஆம் வாரத் திங்களன்று, மத்தேயுவிலிருந்து வாசிக்கப்படுகிறது. அன்று காலைப் பூசைக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எகிப்தும் மிலானும் தூரம் என்பீர்கள். நம் மண்ணின் புனித தேவசகாயம் இருக்கிறாரே! நீலகண்டபிள்ளையாகத் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். பொருள் இழப்பால் மனம் நொந்திருந்தபோது, தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அந்தக் கதைதான் அவரை வடக்கன்குளம் கோயிலுக்கு நடத்தியது. 1745-இல் ஞானஸ்நானம்; 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் மறைசாட்சி மரணம்; 2022 மே 15-இல் புனிதர் பட்டம். ஒரு குடும்பஸ்தரை மறைசாட்சியாக்கிய அந்த யோபு ஆகமம், இரட்டைப்படை ஆண்டுகளில் 26-ஆம் வாரம் முழுவதும் நம் பீடத்தில் வாசிக்கப்படுகிறது. அவருக்குத் தேர் இழுக்கிறோம். அவர் கேட்ட கதையை நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா?

"பாட்டிக்கு எழுத்து தெரியாது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தோனியாரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரல்ல. காதால் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டார், அதுவே அவருக்குப் புத்தகமாயிற்று என்கிறார் அத்தனாசியார்.

ஆகவே நான் கேட்பது சிறிது. இரவு ஜெபமாலைக்கு முன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். புனிதரின் பெயரை ஒருவர் சொல்லட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை அன்றைய நற்செய்தியை மட்டும் நிதானமாக வாசிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தகப்பனார் பிரசங்கம் செய்ய வேண்டாம். பிள்ளைகள் அதற்குப் பயந்தே ஓடிவிடுவார்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய பாக்கியைத் தீர்க்க உட்கார வேண்டாம், அன்றைய பகுதியிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் இல்லாத வீடுகள் இருந்தால், உங்கள் அன்பியத் தலைவரிடம் இந்த ஞாயிறுக்குள் பெயர் கொடுங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!