சாத்தான் என்னும் சொல்
(ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



வாய்க்கால் முறை பற்றியோ வரப்பு பற்றியோ மீன்சுருட்டிப் பக்கம் சண்டை வந்தால், மூன்றாம் பேச்சிலேயே "அவன் மனுஷனா? சாத்தான்!" என்று வந்துவிடும். கோயிலில் அடுத்தடுத்து மண்டியிடும் இரண்டு குடும்பங்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு பேச்சையே நிறுத்தியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே அந்தச் சொல்லையே இன்று எடுத்துக்கொண்டோம். 1732-ல் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் நடமாடிய ஏலாக்குறிச்சி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது; சொல்லுக்குப் பொருள் தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பெரம்பலூர்ப் பக்கம் கல்மரம் கிடக்கும் சாத்தனூருக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சாத்தன் என்பது நல்ல பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலை பாடிய புலவரும் சாத்தனாரே.

சாத்தான் எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன் என்பது பொருள். முதலில் அது எவருடைய பெயரும் அல்ல. தாவீது போர்க்களத்தில் தங்களுக்கே 'சாத்தான்' ஆகிவிடுவானோ என்று பெலிஸ்தியத் தலைவர்கள் அஞ்சினார்கள். பிலயாம் கழுதையேறிப் போனபோது வழிமறித்த வானதூதரைப் பற்றிச் சொல்லவும் எண்ணாகமம் இதே சொல்லைத்தான் வைக்கிறது. சம்மனசு சாத்தானாக நின்றது என்றால் நம் பாட்டிமார் காதைப் பொத்திக்கொள்வார்கள்!

யோபு ஆகமத்தில் அவன் கடவுளின் சபையில் குற்றம் சாட்டும் வக்கீலைப்போல வருகிறான். நம் ஊர்ப் போலீஸ் காகிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவனை 'எதிரி' என்று எழுதுவார்கள். அங்கேயோ குற்றம் சாட்டுகிறவன்தான் எதிரி. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதைத் 'தியாபொலோஸ்' என்றார்கள்: கோள் மூட்டுபவன், அவதூறு சொல்பவன். காட்சி ஆகமத்தின் 12-ஆம் அதிகாரம் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லி, சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றம் சுமத்துபவன் இவனே என்று அடையாளம் காட்டுகிறது.

தமிழுக்கு வரும்போது இந்தப் பொருள் சற்று நழுவிவிட்டது என்றே நினைக்கிறோம். நம் முன்னோர் பசாசு என்றார்கள். அது பிசாசு என்ற வடசொல்லின் வடிவம். ஊன் தின்னும் பேயைக் குறிப்பது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அலகை என்றது. திருக்குறளில் 850-ஆம் குறளில் உள்ள அருமையான சொல்தான், ஆனால் அதற்கும் பேய் என்றே பொருள். அதனால் அவனைப் புளியமரத்தடியில் தேடப் பழகினோம். திண்ணையில் பேசும் கோளில் தேடவில்லை.

ஆண்டவர் ஒரு மனிதரைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னதுண்டு. அவர் இராயப்பர். திறவுகோல்களைத் தருவதாக வாக்குப் பெற்றுச் சில வசனங்களே கடந்திருந்தன. ஆண்டவர் பாடுபடப் போகும் வழியை அவர் மறித்தார், ஆகவே அந்தப் பெயர். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றதாக மத்தேயு எழுதவில்லை. ஆறு நாள் கழித்து ஆண்டவர் மலையேறியபோது, கூட அழைத்துப் போனது மூன்று பேரை. அவர்களில் முதல் பெயர் இராயப்பர்.