உருகும் வடதுருவம்



1893ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டு நான்சன் தமது ‘ஃபிராம்’ கப்பலை வடதுருவக் கடலின் பனியில் உறையவிட்டார். பனி இழுத்த வழியே அக்கப்பல் மூன்றாண்டுகள் மிதந்தது. அம்முறையையே பின்பற்றி, 2019 செப்டெம்பரில் ஜேர்மனியின் ‘போலார்ஸ்டேர்ன்’ புறப்பட்டது. ஒக்டோபரில் ஒரு பனிப்பாளத்தோடு பிணைக்கப்பட்டு, ஞாயிறே தோன்றாத மாரியிருளினூடும் மிதந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் பனியின் தடிப்பையும் காற்றையும் கடல்நீரையும் அளந்தனர். 2020 யூலை இறுதியில் அப்பாளம் உடைந்து சிதறிற்று. ஆகஸ்டில் கப்பல் வடதுருவத்தையே அடைந்தது. வழியிலே பனி உருகி நீர்க்குட்டைகளாய்க் கிடந்தது.

வெண்பனி ஞாயிற்றொளியைத் திருப்பி அனுப்புவது. அது உருகினால் வெளிப்படும் கருங்கடலோ வெப்பத்தை ஏற்று மேலும் பனியை உருக்கும். மிதக்கும் பனியால் கடல்மட்டம் பெரிதும் உயராது. கிறீன்லாந்தின் நிலப்பனி உருகினால் உயரும். கடல்சூழ் நாட்டினராகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டே இவ்வெப்பத்திற்குத் தலையாய காரணம்.

கடுங்குளிரிலும் இருளிலும் நின்று பிறர் அளந்து வந்த உண்மையைக் கேட்டு, கைதட்டிக் கலைந்துவிடுதல் முறையாகுமா? கற்போம், பிறர்க்கு உரைப்போம், வீண் எரிப்பை நம் வீட்டிலிருந்தே குறைப்போம்.