விளங்காத அருளுரை

அண்மையில், நாடறிந்த சமயச் சொற்பொழிவாளர் ஒருவரின் அருளுரை கேட்கச் சென்றிருந்தேன். இரண்டு மணிநேரம் பேசினார், கருத்தில் குறையில்லை. ஆனால், ‘ஜீவாத்மா’, ‘அஞ்ஞானம்’, ‘மோட்சம்’ என மூச்சுக்கு மூச்சு வடசொல்! அருகிலிருந்த மூதாட்டியார், “சாமி சொல்றது ஒண்ணும் வெளங்கலைங்கய்யா; பெரிய சங்கதியாத்தான் இருக்கும்” என்று கைகூப்பினார்.

விளங்காமையே பெருமையாகிவிட்ட இழிநிலையைப் பார்த்தீர்களா?

“அறியாமை நீங்கினால் உயிருக்கு விடுதலை என்கிறார், அம்மா” என்றேன். “இதுதானா? எங்கப்பாரே சொல்லுவாருங்களே!” என வியந்தார். உயிர், அறியாமை, விடுதலை: மூன்றும் அவர் அறிந்த சொற்கள். அவற்றைப் பறித்துவிட்டபின் அருளுரை எவருக்கு?

சமயம் பேசத் தமிழ் போதாதா? சுவாமி வேதாசலம் 1916இல் தனித்தமிழ் இயக்கங் கண்டு மறைமலையடிகள் ஆனபோது, சிவநெறியைக் கைவிட்டாரில்லை. அந்நெறியையே தூய தமிழில் எழுதியும் பேசியும் காட்டினார்.

குற்றம் அவ்வுரையாளர்மீது மட்டுமன்று. எழுந்து நின்று, ‘ஐயா, தமிழில் கூறுங்கள்’ என்று கேட்கத் தயங்கி வாளா இருந்தேனே, நானுங் குற்றவாளியே! இனி நான் வாய்மூடி இரேன், நீங்களும் இராதீர்கள். பணிவோடு கேட்போம், தமிழ் ஒலிக்கும்வரை கேட்போம்.

வெல்க தமிழ்!