தலைக்கு மேலே காலி இடம்

எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை எட்டுக்கு ஆறடி. இட்லிக் குண்டானை இறக்கி வைத்தால் தோசைக்கல்லுக்கு இடம் கிடையாது. ஆனால் தலைக்கு மேலே எல்லாம் காலி! நம் பாட்டிமார் பூனைக்குப் பயந்து தயிர்ச்சட்டியை உறியில் தொங்கவிட்டார்கள். நமக்கு அந்த உறி இடத்துக்காகத் தேவைப்படுகிறது.

பழைய கண்ணாடி பாட்டில்களின் தகர மூடிகளை அலமாரிப் பலகையின் அடியில் திருகாணி போட்டு முடுக்கினேன். பாட்டிலை மூடியில் திருகிவிட்டால் சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் கண்ணெதிரே தொங்கும். மூடிக்கு ஒரு திருகாணி போதும் என்று நினைத்தது என் கஞ்சத்தனம். பாட்டிலைக் கழற்றும்போது மூடியும் கூடவே சுற்றியது. திருகாணி தளர்ந்து, கால் கிலோ மல்லித்தூள் தலையில் அபிஷேகம்! இரண்டு திருகாணி போட்டால் மூடி அசையாது. பலகை முக்கால் அங்குலம் என்றால் திருகாணி அரை அங்குலம்தான். முனை மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டவே வேண்டாம். ஆவி பட்டால் தூள் கட்டி தட்டிவிடும், வாசனையும் போய்விடும்.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அரையடி இடுக்கில், மிஞ்சிய பிளைவுட்டில் சக்கரம் வைத்த ஒல்லி ரேக் ஒன்று. எண்ணெய் டப்பாக்கள் அதில் ஏறிக்கொண்டன. அந்த இடுக்கில் இதுவரை நின்ற துடைப்பத்துக்குத்தான் இப்போது இடம் தேடுகிறோம்.