ஆன்சன்: மறைந்துபோன ஒரு தொகுதி



சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டி ஆன்சன் ரோடு என்றொரு சாலை உண்டு. அதே பெயரில் 1959 முதல் 1988 வரை ஒரு தேர்தல் தொகுதியும் இருந்தது. ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சிறிய நகரத் தொகுதி. துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த வட்டாரம். அந்தச் சிறிய தொகுதி இரண்டு முறை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

முதல் முறை 1961இல். ஆளும் மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் காலமானதால், ஜூலை மாதம் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி, தொழிற்சங்கத் தலைவர் மாமுட் அவாங்கை நிறுத்தியது. அவரை எதிர்த்து நின்றவர், முன்னாள் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். பாட்டாளிக் கட்சியின் சார்பில் நின்ற அவர் 546 வாக்குகளில் வென்றார். ஆளுங்கட்சிக்குள் இருந்த பிளவு அப்போது முற்றி, பிரிந்தவர்கள் அவ்வாண்டே பாரிசான் சோசியாலிஸ் கட்சியை அமைத்தார்கள்.

1963இல் மக்கள் செயல் கட்சியின் பி. கோவிந்தசாமி வென்று, 1978இல் காலமாகும்வரை உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பின் 1979இல் வந்தவர் தேவன் நாயர். மலாக்காவில் பிறந்த இவர், ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் மகன். 1964இல் நம் பங்சார் தொகுதியிலும் வென்றவர். 1981 அக்டோபரில் இவர் சிங்கப்பூரின் அதிபரானார். ஆன்சன் மீண்டும் காலியாயிற்று.

முந்தைய ஆண்டுப் பொதுத்தேர்தலில் 75 இடங்களையும் ஆளுங்கட்சியே பிடித்திருந்தது. எனவே இதுவும் அதற்கே என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் பிளேர் பிளேனில் துறைமுகக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு ஒரு கவலை. கொள்கலன்கள் அடுக்க இடம் வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. வேலையோடு வந்த வீடு வேலையிடத்தின் தேவைக்காகப் பறிபோனால் என்ன பாடு என்பதை, லயத்தில் வாழ்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 31ஆம் நாள் வாக்களிப்பு. பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம், ஆளுங்கட்சி வேட்பாளரை 653 வாக்குகளில் வென்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜொகூரில் வளர்ந்த வழக்கறிஞர் அவர். 1968 முதல் ஆளுங்கட்சியே எல்லா இடங்களையும் வென்றுவந்த மன்றத்தில், ஓர் எதிர்க்குரல் எழுந்தது. 1984இல் ஆன்சன் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினார்கள்.

1986இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அவர் பதவியிழந்தார். இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1988இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது ஆன்சன் என்ற தொகுதியே இல்லாமல் போயிற்று. அதன் பகுதிகள் அண்டைத் தொகுதிகளோடு சேர்ந்தன. குழுத்தொகுதி முறை வந்ததும் அதே ஆண்டில்தான்.

நேயர்களே, தொகுதி என்பது வரைபடத்தில் இழுக்கும் கோடு. அதை அழிக்கலாம், மாற்றி வரையலாம். ஆனால் 653 என்பது எவ்வளவு? ஒரு பெரிய தோட்டத்தில் வாக்குள்ளவர்களின் எண்ணிக்கைதான். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவருக்கு ஆன்சன் பதில் சொல்கிறது.

மலேசியாவில் 2021 டிசம்பர் முதல், 18 வயதானவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. ஆனால் எந்தத் தொகுதியில் என்பதை அடையாள அட்டையின் முகவரியே முடிவு செய்கிறது. தோட்டத்தைவிட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் முகவரியை மாற்றினார்களா? இன்றே கேட்டுப் பாருங்கள்.