மருத்துவமனை மேல் விழும் குண்டு

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், 2022 செப்டம்பரில், முகாம்களில் வாழ்ந்துவந்த இலங்கைத் தமிழர்களுக்கு 321 புதிய வீடுகள் வழங்கப்பட்டன. நமக்கு அக்கம்பக்கத்தவராகிவிட்ட அவர்களின் தாய்மண்ணில் நடந்த ஒன்றைப் பற்றியே இன்றைய பேச்சு. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரின் இறுதிக்கட்டத்தில், வட இலங்கையில் வன்னியின் புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் கிடந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை எறிகணை விழுந்து குறைந்தது ஒன்பது பேர் இறந்ததாகச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. சில நாட்களில், காயம்பட்ட புலிகளுக்கும் சிகிச்சை தந்த பொன்னம்பலம் நினைவு மருத்துவமனை வான்தாக்குதலுக்கு உள்ளானதாக அங்கிருந்தோர் சாட்சி சொன்னார்கள். குண்டுவீச்சு விமானங்களை வன்னி மக்கள் ‘கிபிர்’ என்றே சொன்னார்கள். அந்த இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். கால் போனவரும் வயிறு கிழிந்தவரும் எங்கே ஓடுவது?

போராளிகள் படுத்திருந்த இடத்தைத் தாக்கியதில் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. 1864-இல் கையெழுத்தான முதல் ஜெனீவா உடன்படிக்கையே அதற்கு விடை சொல்லிவிட்டது: காயம்பட்டுக் கட்டிலில் கிடப்பவர், எந்தச் சீருடை உடுத்தியிருந்தாலும், நோயாளி. அது நாடுகளுக்கிடையிலான போருக்குத்தானே, உள்நாட்டுப் போருக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். 1949 உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. காயம்பட்டோரை எடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று அது இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மருத்துவமனைகளுக்கு அருகிலிருந்து புலிகள் சுட்டார்கள் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியது. அது உண்மை, அது பெருங்குற்றமும்கூட. ஆனால் வன்னியின் மருத்துவமனைகள் இருக்குமிடம் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் அவை அனைத்தும் தாக்கப்பட்டன, சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன என்று அதே குழுதான் சொன்னது. மருத்துவமனைக்குள்ளிருந்தே பகைவர் சுட்டாலும், முதலில் எச்சரிக்க வேண்டும், பொருத்தமான சூழல்களில் நிறுத்துவதற்கு அவகாசம் தர வேண்டும், அப்போதும் நிற்காவிட்டால்தான் பாதுகாப்பு விலகும் என்பது போர்ச் சட்டம். மருத்துவமனையைக் காப்பது கூரையில் தீட்டிய சிலுவையென்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் காப்பது அந்த எச்சரிக்கைதான். அதைச் செய்யாதவர் பிறகு சொல்லும் எந்தக் காரணமும் காரணமாகாது என்பதே என் துணிபு.

தவறுதலாக நடந்தது என்பார்களே, அதற்கும் இதே அளவுகோல்தான்: முன்னதாக எச்சரித்தார்களா? ஆப்கானிஸ்தானின் குண்டூஸில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனை இருக்குமிடத்தை முன்கூட்டியே அமெரிக்கப் படைக்குத் தெரிவித்திருந்தது. 2015 அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்க விமானம் அதையே தாக்கியது. 42 பேர் மாண்டார்கள். படையினர் 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுத்தார்கள், ஒருவர் மீதும் குற்றவழக்கு இல்லை. ஏழு மாதம் கழித்து, மருத்துவமனைகளைத் தாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது.

புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது விழுந்த எறிகணைகளுக்காக இதுவரை எந்த நீதிமன்றமும் எவரையும் தண்டிக்கவில்லை.